இரண்டாவது கட்டடம்

யாத்ரங்காவும் நானும் ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்தோம். சாக்ரெப் நகரில் ட்ராம் பணிமனைக்குப் பின்னால் ஒரே கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். அவள் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் லாபம் என்று உரிமையாளருக்குத் தெரிந்துவிட்டது. ஜூனுக்குள் கிளம்புங்கள் என்றார். நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அவள் பள்ளியில் சமையல்காரி. எங்கள் சம்பளத்துக்கு அந்த வட்டாரத்தில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் ஒரு மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்துக்குப் போனோம். நகரமே குறைந்த வாடகை வீடுகள் கட்ட வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் கையெழுத்து வாங்கினோம். ஒன்பது ஆண்டுகள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. யாத்ரங்கா போகிற வருகிற யாரையும் விட மாட்டாள்.

"சந்தைக்குத்தானே போறீங்க? முட்டைக்கோஸ் எங்கயும் ஓடிடாது, ஒரு நிமிஷம் நில்லுங்க. உங்க பையன் கல்யாணம் பண்ணி எங்க குடித்தனம் நடத்துவான், உங்க கட்டிலுக்கு அடியிலயா?"

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள்.

கடைசியில் கட்டினார்கள். சாவா ஆற்றுக்குத் தெற்கே, பெரிய புல்வெளி ஒன்றின் ஓரத்தில் நாற்பது வீடுகள். மறு ஓரத்தில் இரண்டாவது கட்டடம் வரும் என்றார்கள். பட்டியலில் யாத்ரங்கா முப்பத்தெட்டாவது. கணவனை இழந்தவள், இரண்டு பெண்கள். நான் நாற்பத்து மூன்றாவது.

எங்காவது சொந்த வீடு இருந்தால் பட்டியலில் இடம் கிடையாது. லிக்கா மலைப்பக்கம் அப்பா விட்டுப்போன வீடு ஒன்று அவள் பெயரில் இருந்தது. கூரை சரிந்து, உள்ளே புதர் மண்டிக் கிடந்தது. விண்ணப்பத்தில் அதை எழுதாமல் விட்டாள். அவளுக்கு எங்கும் வீடில்லை என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான்தான். தயங்காமல் போட்டேன்.

அவள் குடிபோன அன்று லிஃப்ட் ஓடவில்லை. என் கணவர் ஸ்வோன்கோவும் நானும் அவளுடைய அடுப்பை ஐந்து மாடி தூக்கினோம். அவள் சன்னல் வழியே புல்வெளியைக் காட்டினாள்.

"அதோ பாரு, உன் அடுப்படி அங்கதான் வரும். காலையில இங்க இருந்தே கத்துவேன், நெவென்கா, காபி ஆறுதுடின்னு."

மூன்று ஆண்டுகள் காத்திருந்தோம். ஸ்வோன்கோ, நான், மகள் தேயா, மூன்று பேருக்கும் ஒரே அறை. தேயா குளியலறையில் உட்கார்ந்து பாடம் படிப்பாள். அப்புறம் அறிவிப்பு வந்தது: இரண்டாவது கட்டடம் பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில், மாலை ஐந்து மணிக்கு. யாத்ரங்காவுக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. வேலையில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்து வாசலில் எங்கள் மடக்கு மேசை நின்றது. அதன் பின்னால் யாத்ரங்கா. முன்னால் 'புல்வெளியைக் காப்போம்' என்று எழுதிய தாள்கள். எழுத்து அவளுடையது.

"இது என்ன யாத்ரங்கா?"

"உங்கிட்ட முன்னாடியே சொல்லணும்னு இருந்தேன்டி." பேனாவை மூடி மூடித் திறந்தாள். "பிள்ளைங்க விளையாட அது ஒண்ணுதான் இருக்கு. கட்டடம் வந்தா வெயிலே வராது. உனக்கு வீடு வேணாம்னு யார் சொன்னா? இங்க வேணாம்னுதான் சொல்றோம். வேற இடத்துல கட்டட்டும்."

"அங்கயும் எதிர்ல சன்னல் இருக்கும். அதுல ஒரு யாத்ரங்கா நிப்பா."

"நாப்பது வீட்டுக்காரங்களும் என்னைத்தான் பேசச் சொன்னாங்க. எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"மாட்டேன்னுதான்."

அவள் பேசினாள். வழக்கம்போல நன்றாகவே பேசினாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு ஒலிவாங்கி எனக்கு வந்தது. எழுந்து நின்று அவளைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. மலைப்பக்க வீட்டைப் பற்றி நான் சொல்லிவிடுவேன் என்று பயப்படுகிறாள். அது எனக்குப் புரிந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும்; அவள் நடுத்தெருவுக்கு வந்துவிடுவாள். நாக்கு நுனிவரை வந்ததை மறைக்க மாட்டேன்.

"பட்டியல்ல அடுத்து நிக்கறவங்கள்ல நானும் ஒருத்தி," என்றேன். "நீங்க புல்வெளின்னு சொல்ற இடத்துல என் வீடு வரணும்." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. யாரும் கைதட்டவில்லை.

வெளியே, நிறுத்தியிருந்த வாகனங்களுக்கு நடுவே யாத்ரங்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"நன்றிடி நெவென்கா. நீ சொல்லிடுவியோன்னு உயிரே போச்சு. இந்த உதவிய மறக்க மாட்டேன்."

"நான் சொல்லிடுவேன்னா நெனச்ச?"

அவள் என் கையை விட்டாள். அவள் கூட்டத்தில் பேசியதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். அந்த நன்றியை என்னால் விழுங்க முடியவில்லை. ஸ்வோன்கோ என் தோளைத் தொட்டு, "வா, போலாம்," என்றார்.

வசந்த காலத்தில் திட்டத்தைக் கைவிட்டார்கள். பட்டியலும் கலைந்தது, மறுபடி முதலில் இருந்து விண்ணப்பிக்கச் சொன்னார்கள். நாங்கள் ஊருக்கு வெளியே வேலிகா கோரித்சாவுக்குப் போனோம். தேயா இரண்டு பேருந்து மாறிப் பள்ளிக்குப் போகிறாள்.

ஓராண்டு கழித்து யாத்ரங்கா சலவைக்கூட வாசலில் காத்திருந்தாள். கையில் கசகசா ரொட்டிப் பொட்டலம்.

"கிழக்குப் பக்கம் புதுசா இடம் பாத்திருக்காங்க. ஆனா அங்க குடியிருக்கறவங்க எதிர்க்கறாங்க. பாவிங்க, மனசாட்சியே இல்ல. மறுபடி மேசை போடுவோம் வாடி. சனிக்கிழமை வர்றியா?"

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனதாரத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

"வேலை நேரம் ஆரம்பிச்சுடுச்சு," என்று உள்ளே போனேன். ரொட்டியை வாங்கிக்கொள்ளவில்லை.

கிழக்குப் பக்கக் கூட்டத்துக்கு ஸ்வோன்கோவோடு போனேன். எழுதிவைத்த தாளைப் பார்த்து நான்கு நிமிடம் பேசினேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். முன்வரிசையில் ஒரு பெண் கைகளைக் கட்டிக்கொண்டு, தன் சன்னலை எண்ணிக் கவலைப்படுகிறவளாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை நோக்கித்தான் முழுவதையும் படித்தேன். நகராட்சியின் முடிவு இன்னும் வரவில்லை.