கோட்டுக்குள் ஒரு மாமியார்

தையல்காரருக்குத் தொப்பை கிடையாது. அவர் கடை இருந்த தெருவே குண்டு விழுந்து இல்லாமல் போனபிறகு, அவரும் மனைவியும் நடந்தும் லாரி ஏறியும் முகாம் முகாமாக வரிசையில் நின்றும் வந்ததில், இருந்த கொஞ்சநஞ்சச் சதையும் கரைந்து எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார். அப்படிப்பட்ட மனிதர் அந்தத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கும்போது, கோட்டுப் பொத்தான் தெறித்துவிடுமோ என்கிற மாதிரி ஒரு தொப்பையோடு இறங்கினார் என்றால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரவேண்டுமா இல்லையா? யாருக்கும் வரவில்லை. அவர் கைத் தையல் அப்படி.

கோட்டின் உள்துணியைப் பிரித்து, அதற்குள் இன்னொரு பை வைத்துத் தைத்திருந்தார். பாரம் முழுக்கத் தோளில் விழும்படி ஒரு பட்டை. மூச்சு விட அக்குள் பக்கம் கொசுவலைத் துணி. கீழே எண்ணெய்த்துணி ஒட்டு, அது எதற்கென்று விளக்கமாகச் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பைக்குள் ஒரு சாம்பல் நிறப் பூனை, மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தது. அதன் பெயர் மாமியார்.

பெயர் வந்த கதை இது. அவர் மனைவிக்குச் சின்ன வயதிலேயே தாய் தவறிவிட்டாள். கல்யாணமான புதிதில் தையல்காரர், "எனக்கு மாமியார் வீட்டு விருந்துக்குக் கொடுத்து வைக்கல" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலை முடிந்து வந்த மனைவி, ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த ஒரு குட்டியை அவர் மடியில் போட்டு, "இந்தாங்க, உங்க மாமியார். இனிமே வாயை மூடுங்க" என்றார். பூனையும் பெயருக்குத் தக்கபடி நடந்துகொண்டது. அவர் எந்தத் துணியை வெட்ட எடுத்தாலும் அதை முகர்ந்து பார்த்து, பிடிக்காத மாதிரி முகத்தைத் திருப்பி, அதன் மேலேயே ஏறிப் படுத்துக்கொள்ளும். அவர் அதைத் திட்டாத நாள் இல்லை. அது அவர் மடியில் தூங்காத நாளும் இல்லை.

மனைவியை எல்லோரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறை அவருடைய பொறுப்பில் இருந்தது. குழந்தைகளை ஏமாற்றி ஊசி போடமாட்டார். "வலிக்கும். கொஞ்ச நேரம்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போடுவார். இந்தக் கதையில் ஒருவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப் போகிறேன் என்றால் அது இவரைப் பற்றித்தான்; தையல்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சோதனைச் சாவடிகளைத் தாண்டித் தாண்டி இவர்கள் எல்லோருக்குமே ஒரு பழக்கம் வந்திருந்தது. சீருடை போட்டவன் வாயைத் திறந்தாலே, கேள்வி முடிவதற்குள் "ஒண்ணுமில்லீங்க" என்று பதில் வந்துவிடும். பையில் என்ன? ஒண்ணுமில்லீங்க. கையில் என்ன காயம்? ஒண்ணுமில்லீங்க. சாவடிக்காரர்களுக்குப் பிடித்த பொருள் அவர்களுக்குச் சொந்தமாகிவிடும். பிடிக்காததை என்ன செய்வார்கள் என்பதை இவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தக் கோட்டு. போதாக்குறைக்குக் கப்பலில் ஒரு பேச்சு அடிபட்டது: "அந்த நாட்டுல மிருகம் எதைக் கண்டாலும் ஊசி போட்டுக் கொன்னுடுவாங்களாம்." யார் பார்த்தது, யார் சொன்னது என்று எவனும் கேட்கவில்லை.

வருகைக் கூடத்தில் நாய், பூனை, கிளி எல்லாம் படம் போட்ட பெரிய பலகை ஒன்று இருந்தது. அதில் இருந்த எழுத்து இவர்களுக்குப் படிக்கத் தெரியாது. மேஜைக்குப் பின்னால் சீருடை போட்ட ஒரு பெண். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்; இவர்கள் ஊர்க்காரர், முந்தியே வந்து சேர்ந்தவர்.

"உங்ககூட நாய், பூனை, பறவை ஏதாவது..."

"ஒண்ணுமில்லீங்க" என்றார் தையல்காரர்.

நர்ஸம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வெளியே முற்றத்தில் தங்குமிடத்துக்குப் போகிற பஸ் நின்றது. முன் சீட்டில் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு ஒரு குடும்பம். அங்கே இரண்டு குடும்பத்துக்கு ஓர் அறை என்றும், இவர்கள் அறையில் அந்தக் குடும்பம்தான் என்றும் மொழிபெயர்ப்பாளர் சொல்லியிருந்தார். குழந்தைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. பஸ் நகர்ந்ததும் தையல்காரர் பெருமூச்சு விட்டு, கோட்டைத் திறந்து, சட்டையின் மேல் பொத்தான்களையும் கழற்றிவிட்டார். மாமியார் தலையை நீட்டிச் சுற்றுமுற்றும் பார்த்தது. நர்ஸம்மா அதன் நெற்றியைத் தடவக் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது.

தையல்காரர் நெஞ்சில் நீளமாக ஒரு கீறல், பொருக்குத் தட்டியிருந்தது.

"இது எப்போ?"

"எது?"

"ஏங்க, விளையாடாதீங்க. எப்போ கீறிச்சு?"

"முந்தாநேத்து. கப்பல் ஆடுச்சுல்ல, பயந்து போச்சு. சும்மா கோடு போட்ட மாதிரி. காஞ்சே போச்சு, விடு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா?"

கடைசி முகாமில் ஒரு தெருநாய் திடீரென்று புகுந்து கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துக் குதறிவிட்டு ஓடியது. அதில் மாமியாருக்கும் பின்னங்காலில் ஒரு கடி. நர்ஸம்மா சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிக் கை ஓய்ந்து போனார். காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்த நாய் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அன்றிலிருந்து, "நகம் படாம, எச்சில் படாம பாத்துக்கங்க" என்று அவர் சொல்லாத நேரமில்லை. வெறிநாய் கடித்து, தண்ணீர் டம்ளரைக் கண்டு அலறிய ஒரு நோயாளியின் கட்டிலருகே அவர் ஒருமுறை நின்றிருக்கிறார். அந்த நோய் வந்துவிட்டால் பிறகு மருந்து கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

நர்ஸம்மா எழுந்தார். தையல்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு. துறைமுகக் கேட்டைத் தாண்டிட்டா முடிஞ்சுது. அங்க போய் நாய் கடிச்சுதுன்னு சொல்லி ஊசி போட்டுக்கறேன். போதுமா?"

"சரி, உங்களுக்கு ஊசி போட்டாச்சு. இது எங்க படுக்கும்? அந்தக் குழந்தைங்க பக்கத்துலயா?"

"இதுக்கு ஒண்ணுமில்ல. பாரு, நல்லாத்தானே இருக்கு!"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். போக இடமில்லாதவங்கள உள்ள விட்டிருக்காங்க. அவங்க ஊருக்குள்ள இந்த நோயைக் கொண்டுபோய் விட என்னால முடியாதுங்க."

"கொன்னுடுவாங்கடி." அவர் குரல் உடைந்துவிட்டது.

"தெரியும்" என்றார் நர்ஸம்மா.

பூனையின் நெற்றியை ஒரு விரலால் தடவினார். பிறகு, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய், மொழிபெயர்ப்பாளரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. எங்ககிட்ட ஒரு பூனை இருக்கு. இல்லன்னு பொய் சொல்லிட்டோம்."

பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. தையல்காரர் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். இறங்கும்போது அவர் மனைவியிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "காட்டிக்கொடுத்துட்டியே."

கால்நடை மருத்துவரின் அறையில் ஒரு ஸ்டீல் மேஜை, ஒரு தராசு, மூலையில் கம்பிக் கூண்டுகள். மருத்துவர் வயதில் சின்னவள். கையுறை போட்டுக்கொண்டு மாமியாரைக் கூண்டுக்கு மாற்றினாள். பிறகு கோட்டைப் புரட்டி, உள்பையின் தையலையும் பட்டையையும் வலைத்துணியையும் வெகுநேரம் பார்த்தாள். கடைசியில் ஏதோ சொன்னாள்.

"இதைத் தைச்சவருக்கு இந்த ஊர்ல வேலைக்குப் பஞ்சமே இருக்காதுன்னு சொல்றாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர். தையல்காரர் சிரிக்கவில்லை. அவர் கண் கூண்டிலேயே இருந்தது.

பிறகு மருத்துவர் விதிகளைச் சொன்னாள். மற்ற நாட்களில் பிராணி கொண்டு வர ஏகப்பட்ட சான்றிதழ் வேண்டும். உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிவருகிறவர்களிடம் சான்றிதழ் கேட்பது மடத்தனம் என்று அரசாங்கமே அதைத் தளர்த்தியிருந்தது. கழுத்துத் தோலுக்கு அடியில் அடையாளச் சில்லு வைப்பது, தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் இங்கேயே, இலவசமாக. அதுவரை தனிமைக் கூடத்தில் இருக்கவேண்டும். கடிபட்ட பிராணி என்றால் ஆறு மாதம். யாரும் தொடக்கூடாது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். இதற்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனைதான், நீங்களாகச் சொல்லவேண்டும். மறைத்து வைத்துக் கேட்டைத் தாண்டினால் கடத்தல். அகப்பட்டால் பிராணியைத் திருப்பி அனுப்புவார்கள், அனுப்ப இடமில்லாவிட்டால் கருணைக்கொலை.

"நீங்க கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் வண்டியை நிறுத்தியிருக்கீங்க" என்று முடித்தார் மொழிபெயர்ப்பாளர்.

"அப்போ கொல்லமாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா."

அதுவரை கல்லு மாதிரி நின்றிருந்த நர்ஸம்மா, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் ஓடிவந்து அவருக்கு முன்னால் குந்தினாள்.

"கொன்னுடுவோம்னு நினைச்சுக்கிட்டா திரும்பி வந்தீங்கன்னு கேக்கறாங்க. அப்புறம் ஏன் வந்தீங்க?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

நர்ஸம்மா கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்து விலக்கி, அந்தக் கீறலைக் காட்டினார். "முதல்ல இவருக்கு ஊசி போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

அன்றே முதல் ஊசி போட்டார்கள். தையல்காரர் போட்ட சத்தத்தைத் தங்குமிடத்தில் பல நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

இங்கேயே முடித்துவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் தையல்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதையும் சொல்லவேண்டும். வாரா வாரம் இருவரும் தனிமைக் கூடத்துக்குப் போவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமியார் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "பாத்தியா? ஒரு தப்பும் செய்யாத ஜீவனுக்கு ஜெயில். உன் நேர்மைக்கு அது தண்டனை அனுபவிக்குது" என்பார். தங்குமிடத்துக்குத் திரும்பி, அந்த இரண்டு குழந்தைகளும் பூனை எப்போது வரும் என்று கேட்டால், "இந்த அத்தையைக் கேளுங்க" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். நர்ஸம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணவரின் ஊசி நாள் எது என்பதை மட்டும் மறக்காமல், கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். கடைசி ஊசியும் முடிந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் மருத்துவரே தங்குமிடத்துக்கு வந்தாள், மொழிபெயர்ப்பாளரோடு. தையல்காரர் தையல் மெஷினிலிருந்து எழுந்தார். மருத்துவர் அவரைப் பார்க்கவில்லை. நேரே நர்ஸம்மாவிடம் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் சில நாளாகச் சாப்பிடவில்லை. பிறகு நடை தள்ளாடியது. கம்பியைக் கடித்தது, கிட்டே போனவர்கள் மேல் பாய்ந்தது. அவஸ்தைப்படாமல் தூங்க வைத்துவிட்டார்கள். பரிசோதனையில் அதே நோய்தான் என்று உறுதியாகிவிட்டது. கூடத்தில் வேறு எந்தப் பிராணிக்கும், எந்த மனிதருக்கும் ஆபத்தில்லை.

மருத்துவர் அறையைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு கட்டில்கள், நடுவே திரை, திரைக்கு அந்தப் பக்கம் தரையில் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகள். பிறகு மெதுவாக ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் நர்ஸம்மாவிடம் திரும்பினார்.

"இந்த வேலைக்கு வந்ததுலேருந்து எத்தனையோ பேரைப் பார்த்திருக்காங்களாம். உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்லன்னு சொல்றாங்க."

அவர்கள் போன பிறகு தையல்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். பூனை இங்கே இருந்திருந்தால் எங்கே படுத்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் மடியில். அவர் தூங்கிய பிறகு, திரைக்கு அந்தப் பக்கம் போய் அந்தக் குழந்தைகளோடு. தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது, அவற்றில் ஒன்றைக்கூட இனித் திரும்ப எடுக்க முடியாது.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா? அதுக்கு நோய் இருக்குன்னு?" என்று கேட்டார்.

நர்ஸம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா சுலபமா இருந்திருக்கும்."

அதைச் சொன்ன பிறகுதான் அவர் அழுதார். இத்தனை நாளும் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். தையல்காரர் எழுந்து போய் மனைவியின் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.