கப்பல் மாறாத புதன்கிழமை

குளிர்காலம் தொடங்கிவிட்டால் இர்யாவுக்குப் புதன்கிழமை என்றால் கப்பல்தான். நவம்பரில் ஆரம்பித்து மார்ச் முடியும் வரை, லொய்மா ஊரின் ஓய்வூதியக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து விடியும் முன்பே துர்க்கு துறைமுகத்துக்குப் போகும். ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் கப்பல் கிளம்பும். பகல் இரண்டு மணிக்கு ஓலந்து தீவை அடையும். அதே நேரத்துக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து இன்னொரு கப்பலும் அங்கே வந்து நிற்கும். வந்த கப்பல் ஸ்டாக்ஹோமுக்குப் போய்விடும்; துர்க்குவில் ஏறியவர்கள் இறங்கி, அந்த இன்னொரு கப்பலுக்கு மாறி, ராச்சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் துர்க்கு திரும்பிவிடுவார்கள். தீவைப் பார்க்க யாரும் போவதில்லை. அந்த மாதங்களில் பார்ப்பதற்கு இருட்டையும் பனிக்கட்டியையும் தவிர என்ன இருக்கிறது? இரண்டு கப்பலிலும் நடன மண்டபம் உண்டு, வாத்தியக்காரர்கள் உண்டு, சால்மன் மீன் சூப் உண்டு. அது போதும்.

இர்யாவுக்கு வயது அறுபத்தாறு. முப்பத்தொரு வருஷம் தபால் கொடுத்த கால்கள் இன்னும் தளரவில்லை. புருஷன் போய் ஒன்பது வருஷமாகிறது. பேச்சு அதிகம் கிடையாது. பேச வேண்டியதை எல்லாம் பக்கத்து வீட்டு ஹெல்கா பேசிவிடுவாள் என்பதால் அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

ஆனால் இந்தப் புதன்கிழமை அவள் பேசியே ஆக வேண்டியிருந்தது. மகன் பெத்ரி வடக்கே ஓவ்லுவில் இருக்கிறான், அறுநூறு கிலோமீட்டர் தள்ளி. போன குளிர்காலத்தில் அவள் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதிலிருந்து அவனுக்கு நிம்மதியில்லை. தன் வீட்டுக்குக் கீழ்த்தளத்திலேயே அம்மாவுக்கு ஒரு வீடு பார்த்துவிட்டான். லொய்மா வீட்டை வாங்கவும் ஆள் தயார். இன்று மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுவான், ஆம் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். மறுப்பதற்கு அவளிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது பிள்ளையிடம் சொல்லக்கூடிய காரணமாக இல்லை.

காரணத்தின் பெயர் அர்வோ. சாலோவிலிருந்து தனியாகத் தன் காரை ஓட்டிக்கொண்டு வருபவர். டிராக்டர் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது. மூன்று குளிர்காலமாக இருவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். ஆடுகிறார்கள், அவ்வளவுதான். நடன மண்டபத்தின் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. சுவரில் ஒரு விளக்குப் பலகை இருக்கும். 'ஆண்கள் முறை' என்று எரிந்தால் ஆண்கள் போய்ப் பெண்களை அழைக்க வேண்டும். 'பெண்கள் முறை' என்று மாறினால் பெண்கள் அழைக்க வேண்டும். ஒருமுறை அழைத்தால் இரண்டு பாட்டு. ஒன்றோடு விட்டுவிட்டால் அவமானம், மூன்றாவதுக்கு நின்றால் ஊர் பேசும். இரண்டு முடிந்ததும் ஆண் அந்தப் பெண்ணை அவள் இருக்கை வரை கூட்டிவந்து விட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போவார். அர்வோ தன் முறையில் அழைப்பார், இர்யா தன் முறையில் அழைப்பாள். போகும்போது நாலு பாட்டு, வரும்போது நாலு பாட்டு. மூன்று வருஷத்தில் அவர் பேசியதை எல்லாம் ஒரு தபால் அட்டையின் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். போன வசந்தத்துக்கு முன்னால் ஒருநாள், இரண்டு பாட்டுக்கு நடுவில், "நாய் செத்துப்போச்சு" என்றார். ஐயோ பாவம் என்றாள் இர்யா. அதற்குள் வால்ட்ஸ் ஆரம்பித்துவிட்டது.

ஹெல்காவுக்கு இதெல்லாம் பொறுக்காது. காலையில் பேருந்திலேயே தொடங்கிவிட்டாள்.

"ரெண்டு பாட்டுக்கு நடுவுல கல்யாணமே பேசி முடிச்சவங்க இருக்காங்கடி. நீங்க ரெண்டு பேரும் மூணு வருஷமா வானிலை அறிக்கை வாசிச்சிட்டிருக்கீங்க."

இன்று சொல்லிவிடுகிறேன் என்றாள் இர்யா. ஹெல்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது.

கப்பல் தீவுக் கூட்டத்தைத் தாண்டும்போது விடிந்தது. உடைந்த பனிக்கட்டிகள் இரு பக்கமும் உரசிக்கொண்டு விலகின. பதினொரு மணிக்கு மண்டபம் நிறைந்தது. ஆண்கள் முறை எரிந்ததும் அர்வோ வழக்கம்போல் தூணோரத்திலிருந்து நேராக நடந்து வந்து தலையைத் தாழ்த்தினார். முதல் பாட்டு டாங்கோ. அது முடிந்து அக்கார்டியன்காரர் தோள்வாரைச் சரிசெய்யும் அந்த அரை நிமிஷத்தில், அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே இர்யா சொல்லிவிட்டாள்.

"பையன் என்னை ஓவ்லுவுக்கு வரச் சொல்றான். ஒரேயடியா. இன்னிக்கு சாயங்காலம் பதில் சொல்லணும்."

அர்வோ கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"ஓவ்லுல குளிர் ஜாஸ்தி."

இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. அடி தவறாமல் ஆடுபவர் அவர், அன்று ஒருதரம் அவள் காலை மிதித்தார். பாட்டு முடிந்தது. இருக்கை வரை கூட்டிவந்தார், நன்றி சொன்னார், போய்விட்டார்.

ஹெல்கா என்ன ஆயிற்று என்று கேட்டாள். குளிர் அதிகமாம் என்றாள் இர்யா. ஹெல்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

விளக்குப் பலகை பெண்கள் முறைக்கு மாறியது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக இர்யா எழுந்திருக்கவில்லை. எழுந்து போய் அழைத்தால் வருவார், இரண்டு பாட்டு ஆடுவார், திரும்பக் கொண்டுவந்து விடுவார். அதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. அர்வோ தூணோரத்தில் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சை ரவிக்கை போட்ட ஒருத்தி போய் அழைத்தபோது முழங்காலைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினார். அழைத்தவளை மறுப்பது பெரிய மரியாதைக் குறைவு. மறுத்துவிட்டு அந்த முறை முழுக்க வேறு யாருடனும் ஆடக்கூடாது. அவர் ஆடவில்லை.

தீவு நெருங்கியதும் ஹெல்கா எழுந்தாள். இது அவர்களுடைய ஏற்பாடு. அடுத்த கப்பலில் ஆடுகளத்தை ஒட்டிய மேஜைக்கு அடிதடி நடக்கும். அதனால் ஒருத்தி இரண்டு பேருடைய கோட்டுகளையும் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடி மேஜையைப் பிடிப்பாள், மற்றவள் சாவகாசமாகப் பின்னால் வருவாள். ஹெல்கா போனாள். அறிவிப்பு ஃபின்னிஷில் வந்தது, ஸ்வீடிஷில் வந்தது, ஆங்கிலத்தில் வந்தது. துர்க்கு திரும்பும் பயணிகள் உடனே கப்பல் மாறவும். இர்யாவுக்கு மூன்றும் காதில் விழுந்தன. ஜன்னலுக்கு வெளியே துறைமுகப் பனிமேட்டில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. இப்போதுதான் உச்சிக்கு வந்ததுபோல் இருந்தது, அதற்குள் சாய்ந்துவிட்டது. நேரமிருக்கிறது, இதோ எழுந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். போகக்கூடாது என்று முடிவு செய்யவில்லை. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

மேஜைமேல் கோப்பையில் இருந்த தண்ணீர் நடுங்கத் தொடங்கியபோதுதான் திடுக்கிட்டாள். பனிமேடு ஜன்னலில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

கோப்பைகளை எடுக்க வந்த பணிப்பெண் அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, வாரத்துக்கு ஒருத்தராவது இப்படி ஸ்டாக்ஹோம் போய்விடுகிறார்கள், தகவல் மேஜையில் சொன்னால் இதே கப்பலில் திரும்ப ஏற்பாடு செய்வார்கள் என்று சமாதானம் சொன்னாள். பிறகு தூணோரத்தைப் பார்த்து, இந்த வாரம் இரண்டு பேர் போலிருக்கிறதே என்றாள்.

இர்யா திரும்பினாள். காலி மண்டபத்தில், தூணோரத்தில், அதே காப்பிக் கோப்பையோடு அர்வோ உட்கார்ந்திருந்தார்.

அவள்தான் எழுந்து போனாள்.

"நீங்க மாறலையா?"

"நீங்க எந்திரிக்கல."

"எந்திரிக்கலன்னா?"

"ஸ்டாக்ஹோம் போறீங்கன்னு நெனச்சேன்."

"கோட்டு கூட இல்லாம நான் எதுக்கு ஸ்டாக்ஹோம் போறேன்?"

கோட்டு இருக்க வேண்டிய நாற்காலி முதுகை அவர் பார்த்தார்.

"அத கவனிக்கல" என்றார்.

இர்யாவுக்குச் சிரிப்பு வந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். வந்து எழுப்பியிருக்கலாமே என்று கேட்டாள். எழுப்பலாமென்றுதான் எழுந்தாராம். பெண்கள் முறையில் அவள் வராததால் தன்மேல் கோபம் என்று நினைத்தாராம். கோபமாக இருக்கிறவரிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்தபடி மறுபடி உட்கார்ந்தாராம். அதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. அவளை விட்டுவிட்டு இறங்க மட்டும் மனசு வரவில்லை. இதையெல்லாம் சொல்லி முடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம் ஆனது.

கைப்பையில் தொலைபேசி அடித்தது. ஹெல்கா.

"எங்கடி இருக்க? இங்க மேஜைக்கு நாலு பேரு சண்டைக்கு நிக்கிறாங்க."

"ஸ்டாக்ஹோம் போற கப்பல்ல."

அந்தப் பக்கம் ஹெல்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"தனியாவா?"

"அர்வோவும் இறங்கல."

பிறகு ஹெல்காவின் குரல் என்றுமில்லாத மரியாதையோடு வந்தது.

"கோட்டு என்கிட்ட பத்திரமா இருக்கு. ஒண்ணும் அவசரமில்ல."

தகவல் மேஜையில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள். சாயங்காலம் ஸ்டாக்ஹோம், அங்கே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு இதே கப்பல் திரும்பும், காலை ஏழு மணிக்குத் துர்க்கு. அறை எத்தனை வேண்டும் என்று கேட்டாள். ரெண்டு என்று அர்வோ முந்திக்கொண்டு சொன்னார். மூன்று வருஷத்தில் அவர் அவசரமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். காது மடல் சிவந்துவிட்டது. இர்யா தரைவிரிப்பின் பூ வேலைப்பாட்டைக் கவனமாகப் பார்த்தாள்.

சிற்றுண்டிச் சாலையில் ஏலக்காய் பன்னும் காப்பியும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். வாத்தியம் இல்லை, ஆட வேண்டியதில்லை, யாரும் இரண்டு பாட்டோடு நிறுத்தப் போவதில்லை. பேச்சு முதலில் நொண்டியது. நாயின் பெயர் என்ன என்று இர்யா கேட்டாள். பதினான்கு வருஷம் இருந்ததாம், பெயர் முஸ்தியாம். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டரோடு போய்விட்டாள். அதைச் சொல்லிவிட்டு, நல்ல டாக்டர்தான் என்று சேர்த்துக்கொண்டார். இர்யா தன் தபால் பாதையில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் பற்றிச் சொன்னாள். இவ்வளவு பேசுகிறோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெளியே கடல் நீலமாகி, பிறகு கறுத்தது. ஐந்து மணியைத் தாண்டிவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது என்று அவள் நேரடியாகக் கேட்டாள்.

"ஆறு மணிக்குப் பையன் கூப்பிடுவான். நான் என்ன சொல்லணும்னு நீங்க நெனக்கிறீங்க?"

அவர் பன் துணுக்குகளை விரலால் ஓரிடத்தில் சேர்த்தார்.

"நான் டக்குனு பதில் சொல்ற ஆள் இல்ல. ரெண்டாவது பாட்டு முழுக்க யோசிச்சேன். பாட்டு முடிஞ்சிருச்சு."

"இப்ப பாட்டு இல்ல."

"போகாதீங்கன்னு சொல்லணும்னு இருக்கு. ஆனா எந்த உரிமையில சொல்றது? நீங்க மறுபடி விழுந்தா, நான் அம்பது கிலோமீட்டர் தள்ளி சாலோவுல ஒக்காந்திருப்பேன். உங்க பையன் ஒரு மாடி மேல இருப்பாரு. அவரு சொல்றதுதான் சரி."

இர்யா காத்திருந்தாள். இன்னும் இருக்கிறது என்று அவர் புருவம் சொன்னது.

"வாரத்துல புதன் ஒரு நாள்தான். மத்த நாள்ல எனக்கு வேலை ஒண்ணும் இல்ல. வண்டி இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து வாசல்ல பனி தள்ளலாம், வழுக்காம மணல் போடலாம். நடுவுல ஒரு நாளும் வரலாம். உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா."

"பனி பெய்யலன்னா?"

அவர் அதையும் யோசித்தார்.

"வெறகு பொளக்கலாம்."

ஆறு மணிக்குப் பெத்ரி கூப்பிட்டபோது தூரத்தில் ஸ்வீடன் பக்கத்துத் தீவுகளின் விளக்குகள் தெரிய ஆரம்பித்திருந்தன. வீடு திரும்பும் கப்பலில்தானே இருக்கிறாய் என்று கேட்டான். இல்லை, ஸ்டாக்ஹோம் வந்துகொண்டிருக்கிறது என்றாள். அவன் பதறிப்போய் உடம்புக்கு என்ன என்றான். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அர்வோ எழுந்து சூப் வாங்கப் போனார். தான் கேட்கக்கூடாது என்று போனார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"பெத்ரி, இந்தக் குளிர்காலத்துக்கு வீட்ட விக்கல. அந்த ஆளுகிட்ட சொல்லிடு."

"அம்மா, போன வருஷம் மாதிரி ஆச்சுன்னா?"

"பனி தள்ள ஒருத்தர் வர்றாரு. ஞாயித்துக்கிழமையும் நடுவுல ஒரு நாளும்."

சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறாயா என்று அவன் கேட்டான். சம்பளமில்லை என்றாள். யார் என்றான். கோடையில் வா, வந்து பார், அப்புறம் ஓவ்லுவைப் பற்றிப் பேசுவோம் என்றாள். அவன் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைசியில், "அவர் பேராவது சொல்லு" என்றான். சொன்னாள்.

அர்வோ இரண்டு கிண்ணம் சூப்பைத் தட்டில் வைத்துக்கொண்டு, கப்பல் லேசாக ஆடியதால் சிந்தாமல் நிதானமாக நடந்து வந்தார். கறுப்பு ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்திருந்தார். உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

"உங்க பேரக் கேட்டான். கோடையில வர்றான், உங்களப் பாக்க."

அர்வோ கரண்டியைக் கையில் எடுத்து, அப்படியே வைத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கினார். இர்யா அவரை அவசரப்படுத்தவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவி ஒரு துண்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, ஆற ஆரம்பித்த சூப்பைக் குடிக்கத் தொடங்கினாள்.