ஏழாம் வார்டு லோஷன்

பாக்டீரியா எங்கிருந்து கிளம்பி யாரிடம் போய்ச் சேருகிறது என்று துப்புத் துலக்குவதே இருபத்திரண்டு வருடமாக அவள் ஆராய்ச்சி. குடிநீர்க் குழாய், ஆஸ்பத்திரித் தரை, டாக்டர்களின் செல்போன் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. "உன்னைச் சாப்பிடக் கூப்பிடவே பயமா இருக்கு, தட்டைத் துடைச்சு டெஸ்டுக்கு அனுப்பிடுவ" என்று தங்கை கிண்டல் செய்வாள்.

அந்த வருடம் பச்சிளம் குழந்தைகளின் ஏழாம் வார்டில் ஆறு வாரத்துக்குள் நான்கு குழந்தைகள் இறந்தன. எல்லாம் குறைமாதத்தில் பிறந்தவை. நான்கின் ரத்தத்திலும் ஒரே பாக்டீரியா. அவளை அழைத்தார்கள்.

அந்த வார்டின் தலைமை நர்ஸுக்குக் கைராசி அக்கா என்று பெயர். அவர் தொட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று பேச்சு. பத்து வருடத்துக்கு முன் அவள் கை கழுவும் பயிற்சி கொடுத்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர். அன்றிலிருந்து ஒரு தடவைகூடக் கழுவாமல் குழந்தையைத் தொட்டதில்லை.

"இன்குபேட்டர் கதவு இடுக்குல எடுத்தீங்களா டாக்டர்? எதையும் விட்டுடாதீங்க" என்று மாதிரி எடுக்கும்போதும் கூடவே வந்தார்.

கை கழுவும் தொட்டியின் மேல் ஒரு பாட்டில் இருந்தது.

"இது என்னக்கா?"

"லோஷன். ஒரு நாளைக்கு அறுபது தடவை கழுவுறோம்ல, சின்னப் பொண்ணுங்களுக்கெல்லாம் கை வெடிச்சு ரத்தம் வருது. பார்க்கப் பொறுக்காம நான்தான் வாங்கி வெச்சேன். ரொம்பக் கெட்டியா இருந்துச்சு, கொஞ்சம் குழாய்த் தண்ணி கலந்தேன்."

அவள் அதிலும் மாதிரி எடுத்துக்கொண்டாள்.

மற்ற இடமெல்லாம் சுத்தம். பாட்டிலில் மட்டும் அந்த பாக்டீரியா மண்டிக் கிடந்தது. மரபணுவும் இம்மி பிசகாமல் பொருந்தியது. இப்படி ஒன்று கிடைத்தால் ஆய்வகமே அதிரக் கத்துகிறவள், அன்று ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"லோஷன்னு மட்டும் எழுதுங்க. யார் வாங்கினதுன்னு வேண்டாம்" என்றார் ஆஸ்பத்திரி இயக்குநர். அவளும் அப்படியே எழுதினாள். ஆனால் அக்காவே அவளைத் தேடி வந்து கேட்டார்.

"அந்த பாட்டில்தானே?"

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்திருந்தாள். கேட்டதும் சொல்லிவிட்டாள். "ஆமாக்கா."

"நாலுமா?"

"நாலும்."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். "கழுவிட்டுத்தானே போனேன்... அதுக்கு மேல அதைப் பூசிட்டுப் போயிருக்கேன்."

"கழுவச் சொன்னது நான். கை வெடிச்சா என்ன செய்யணும்னு ஒரு வார்த்தை சொல்லலை. என் தப்பும் இருக்குக்கா."

"நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க."

"நீங்களும் நல்லதுக்குத்தான் வாங்கினீங்க."

அக்கா அழவில்லை. மறு வாரம் வேலையை விட்டுவிட்டார்.

பாட்டிலை எடுத்தபின் யாருக்கும் அந்த நோய் வரவில்லை. அவள் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. போட்டோவில் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இப்போதெல்லாம் பயிற்சியில், கழுவுவதைப் பற்றிச் சொல்வதற்கு முன், வெடித்த கைகளைப் பற்றித்தான் பேச ஆரம்பிக்கிறாள்.

அக்காவின் வீட்டுக்கு இரண்டு முறை போனாள். தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை அக்காவே உட்காரச் சொன்னார்.

"வார்டுல இப்ப எத்தனை பிள்ளைங்க?"

"பதினொண்ணு. எல்லாம் நல்லா இருக்குக்கா."

அக்கா தலையசைத்தார். பக்கத்துக் கட்டிலில் பேத்தி விழித்துக்கொண்டு அழுதது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கை நீட்டினால் எட்டும். அக்கா கைகளைச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

"வந்து தூக்குடி. ரொம்ப நேரமா அழுவுது."