நாற்பது விநாடி

துர்காவின் அப்பா கோவிந்தசாமி இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. கருமாதி முடிந்து பெண்ணாடத்திலிருந்து திரும்பியதும், அவள் முதலில் கேட்டது புருஷன் தமிழ்மணியின் செல்போனைத்தான்.

"ஏங்க, தலைப்பொங்கலுக்கு வரிசை கொண்டாந்தப்ப அப்பா பேசுனதை இதுல புடிச்சீங்களே, அதைப் போடுங்க."

அந்த நாற்பது விநாடிப் பேச்சை அவன் மாசி மாதமே அழித்துவிட்டான். பாலக்கரை செல்போன் கடைக்கார ஆல்பர்ட் மெமரி கார்டில் 'அந்த மாதிரி' படங்களை ஏற்றியபோது இடம் போதவில்லை. கைக்கு வந்ததைத் தமிழ்மணி அழித்தான். மாமனார்தான் இருக்கிறாரே, இன்னொரு நாள் பேசச் சொன்னால் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

ஏற்றுவதும், அருவருத்து அழிப்பதும், நாலே நாளில் மறுபடி ஆல்பர்ட் முன்னால் போய் நிற்பதுமாக மூன்று வருஷம் ஓடியிருந்தது. கல்யாணம் ஆனால் நின்றுவிடும் என்று நம்பினான். நிற்கவில்லை. பீங்கான் கம்பெனியில் சாமான்களின் ஓரத்துப் பிசிறைச் சீவும்போதும் மனசு போனிலேயே கிடந்தது. வீட்டில் துர்கா தலை நிறையப் பூவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அவளை நிமிர்ந்து பார்க்க முடியாது. "அலுப்பா இருக்குது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். குறை தன் நிறத்தில்தான் என்று எண்ணி அவள் தினமும் கடலை மாவு பூசிக் குளித்தாள். அதுவும் அவனுக்குத் தெரியும்.

"காணோமே துர்கா. கார்டு மக்கர் பண்ணுது."

"வாங்க, கடையில காட்டுவோம்."

அவளே முன்னால் நடந்தாள். ஆல்பர்ட் கார்டைத் திருப்பிப் பார்த்தான். "அழிஞ்சதை எடுத்துரலாம் தங்கச்சி. ஆனா பழசு எல்லாமே சேர்ந்து வரும், பேரும் இருக்காது. ஒண்ணொண்ணா தொறந்து..." தமிழ்மணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தி, கார்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தான். "நாளைக்குச் சாயந்திரம் வாங்களேன்."

"வரோம்ணே. நானே பக்கத்துல உக்காந்து பாக்கறேன். அப்பா குரலு எனக்குத்தானே தெரியும்" என்றாள் துர்கா.

மறுநாள் மதியம், கம்பெனியின் பின்பக்கம் உடைசல் குவியலருகே நின்று தமிழ்மணி அந்தக் கார்டை இரண்டாக ஒடித்து எறிந்தான். தனியாகப் போய் அந்தக் குரலை மட்டும் எடுத்து வந்திருக்கலாமே என்பது, வீடு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

துர்கா புடவை மாற்றிக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தாள்.

"கார்டு ஒடைஞ்சு போச்சு துர்கா. கைதவறி..."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குச் சித்திரையிலேயே தெரியும்ங்க. குளிக்கப் போறப்பகூட போனை எடுத்துட்டுப் போற ஆளை எத்தினி நாளு நம்புறது? ஒரு நாளு எடுத்துப் பாத்துட்டு அப்படியே வெச்சிட்டேன். நேத்து அந்தண்ணன் சொன்னப்பவும் புரிஞ்சுதான் வரேன்னேன். அந்தக் கருமாந்திரம் எல்லாம் ஓடட்டும், கண்ணை மூடிக்கிட்டு எங்கப்பாவை மட்டும் கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

அவன் கதவையே பிடித்துக்கொண்டு நின்றான்.

"சரி வுடுங்க. அன்னிக்கு நான் அடுப்பண்ட நின்னேன், சரியா காதுல வுழல. நீங்கதானே போனைப் புடிச்சீங்க. அப்பா என்ன சொன்னாரு? அதையாவது சொல்லுங்க."

தமிழ்மணி யோசித்தான். ஒடித்துப் போட்ட கார்டிலிருந்த பெண்களின் முகங்கள் ஒன்றுவிடாமல் வரிசையாக வந்து நின்றன. மாமனாரின் உதடு அசைவதுகூடத் தெரிந்தது. ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை.

துர்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.