வரியனின் வலது கால்

வரியனை முதன்முதலாகத் தடவிக் கொடுத்த அன்றே ஜெயகுமாரியின் கை அந்தப் பள்ளத்தில் போய் விழுந்தது. வலது பின்னங்கால் தொடையின் உட்புறம், மூன்று விரல் அகலத்துக்குச் சதையே இல்லை. பள்ளத்துக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கெட்டி முடிச்சு. இடது தொடையில் அதே இடம் முறுக்கிப் பிழிந்த துணி போலத் திமிறிக்கொண்டிருந்தது.

வரியன் ஐந்து வயது கிரேஹவுண்ட் நாய். மேற்கு வர்ஜீனியாவில் பந்தயம் ஓடி, ஓய்வு பெற்று, ஒரு வேனில் டெக்ஸஸுக்கு வந்தவன். உடம்பெங்கும் புலிக்கோடுகள் இருந்ததால் ஜெயகுமாரி அவனுக்கு அந்தப் பெயரை வைத்தாள். ரிச்சர்ட்சனில் அவள் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும் என்று ஓய்வுபெற்ற பந்தய நாய்களுக்கு வீடு தேடித் தரும் மீட்புக் குழுவைச் சேர்ந்த ஷெரில் அவனைக் கொண்டுவந்து விட்டிருந்தாள். பழைய காயம் உள்ள கால், மாதக் கடைசியில் வந்து பார்ப்பேன், கால் மோசமாகியிருந்தால் வேறு வீடு பார்க்கவேண்டியிருக்கும் என்று போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள்.

வரியன் வந்த இரண்டாம் நாளே ஜெயகுமாரிக்குத் தெரிந்துவிட்டது, இவனை இனித் திருப்பி அனுப்ப முடியாது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேரம் மூச்சுக் கருவிகளோடு நின்றுவிட்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தால், அவன் குரைக்கமாட்டான், குதிக்கமாட்டான். வந்து தன் முழுப் பாரத்தையும் அவள் தொடையில் சாய்த்து நிற்பான். அவ்வளவுதான்.

எனவே காலைச் சரிசெய்யவேண்டும். அதற்கு அவளிடம் மருந்து இருந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு வர்ம வைத்தியரிடம் வாங்கி, மூன்று ஜிப் கவருக்குள் போட்டு, சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த எண்ணெய். தினமும் சாயங்காலம் அதை இளஞ்சூடாக்கி, தொடையில் தொடங்கி, முழங்காலைத் தாண்டி, பாதம் வரைக்கும் ஒரே இழுப்பாக நீவுவாள். கடைசியில் விரல் விரலாக உருவிவிடவேண்டும். வலி விரல்நுனி வழியாகத்தான் வெளியேறும். அவர்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். வரியன் கண்ணை மூடாமலே சொக்கிக் கிடப்பான்.

மூன்றாவது வாரத்தில் நொண்டல் கூடியது.

"பாத்தியளா, நேத்தைக்கு மேல இன்னைக்கு ஜாஸ்தியா நொண்டுகான்."

அவள் கணவர் சுந்தர்சிங் டெலிகாம் கம்பெனியில் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். "புல்லுல நல்லாத்தான் நடக்கான் ஜெயா. கிச்சன்லதான் இழுக்கான். நான் வீடியோ எடுத்து வச்சிருக்கேன்."

"வலிக்குப் புல்லுன்னும் கிச்சன்னும் தெரியுமாக்கும்?"

அவர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். இந்த ஜாதி நாய்கள் நொண்ட ஆரம்பித்தால் எலும்பில் புற்றுநோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும் என்று அதில் இருந்தது. ஜெயகுமாரி இரண்டு வரிக்கு மேல் படிக்கவில்லை. அன்றைக்கு எண்ணெயை இரண்டு தடவை போட்டாள்.

மறுநாள் கால்நடை மருத்துவர் க்ரிஷிடம் போனார்கள். பெற்றோர் கோயம்புத்தூர், பிறந்தது பக்கத்து ஊரான பிளேனோவில். தமிழ் புரியும், பேச வந்தால் பாதி வழியில் ஆங்கிலம் வந்து கைகொடுக்கும். எக்ஸ்ரே எடுத்து முடித்து, படத்தைப் பார்த்துவிட்டு க்ரிஷ் வெளியே வரும்வரை ஜெயகுமாரி வரியனின் காதைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்டி, எலும்பு க்ளீன். கேன்சர் இல்லை."

அவள் கர்த்தரே என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப என்ன மக்களே, ஏன் நொண்டுகான்?" ஒரு பிள்ளையைக் கூப்பிட்டாலும் அவர்கள் ஊரில் மக்களே என்றுதான்.

க்ரிஷ் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வரியனின் தொடைப் பள்ளத்தில் விரலை வைத்துக் காட்டினான். பந்தய நாய்கள் எப்போதும் இடது பக்கமாகவே சுற்றி ஓடும். வளைவில் உடம்பு உள்ளே சாயும்போது வெளிப்பக்கம் தள்ளிக் கொடுப்பது வலது பின்னங்கால். தொடையின் உட்புறத்தில் பெல்ட் போலத் தட்டையாக ஒரு தசை இருக்கிறது. கால் வெளியே அகன்று போய்விடாமல் உள்ளே இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. முழு வேகத்தில் அது ஒருநாள் கிழிந்துவிடும். கிழிந்த இடம் ஆறும், ஆனால் தசையாக ஆறாது; தழும்பாக ஆறும்.

"ஒரு எலாஸ்டிக் எடுத்துக்கோங்க ஆன்டி. நடுவுல கட் ஆயிடுச்சு. அங்க நீங்க காட்டன் துணி வச்சுத் தைக்கிறீங்க. இழுத்தா என்ன ஆகும்?"

"துணி நீளாது. தையல் போட்ட இடத்துல இழுக்கும்."

"எக்ஸாக்ட்லி. பழைய காயம் அவனுக்கு வலிக்கல. இப்ப புதுசா ஏதோ அந்தத் தையலை டெய்லி இழுக்குது. அதான் என்னன்னு தெரியல."

சொல்லிக்கொண்டே வரியனின் பாதத்தைத் தூக்கி, உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தினான். விரல் சறுக்கியது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் சறுக்கியது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான்.

"இது என்ன ஆன்டி?"

"எங்க ஊரு எண்ணெய்லா அது!" என்றார் சுந்தர்சிங் பெருமையாக. "டெய்லி போடுகா. ஒரு நாள் விட்டதில்ல."

"வீட்ல ஃப்ளோர் என்ன அங்கிள்?"

"டைல். முகம் பாத்துக்கலாம். அதையும் இவ டெய்லி மாப் பண்ணு..."

அவர் வாய் பாதியில் நின்றது. கருவிகளைச் சோதிக்கிறவர் அல்லவா, அவருக்கு முதலில் விளங்கிவிட்டது. எண்ணெய்ப் பாதம் டைலில் வழுக்கும். வழுக்கும் கால் வெளியே அகலும். அகலும் காலை இழுத்துப் பிடிக்கவேண்டியது எந்தத் தசையோ, அதுதான் கிழிந்து ஒட்டுப்போட்ட தசை. தையல் இழுபடும், நாய் நொண்டும், நொண்டுவதைப் பார்த்து அவள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவாள். புல்லில் வழுக்காது, அதனால் புல்லில் நொண்டவில்லை.

ஜெயகுமாரி தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் ஏறியதும் வரியனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "நான்தான் அவனுக்கு வலி குடுத்திருக்கேன்," என்றாள்.

"எனக்கும்தான் முதுகுக்குப் போட்டுவிட்ட. நான் என்ன டைல்ல ஓடியா விழுந்தேன்? சும்மா இரு ஜெயா."

அவள் சிரிக்கவில்லை. அன்றே ஷெரிலுக்கு மெயில் எழுதினாள். மறைத்திருக்கலாம், கால் தானாகத் தேறும்வரை ஏதாவது சாக்கு சொல்லியிருக்கலாம். 'கால் மோசமாகியிருக்கிறது. காரணம் நான். அவன் பாதத்தில் எண்ணெய் தேய்த்தேன்' என்று எழுதி, என்ன நடந்ததென்று ஒன்றுவிடாமல் சொல்லி, அனுப்பிவிட்டாள். 'அடுத்த வாரச் சனிக்கிழமை வந்து பார்க்கிறேன்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. பத்து நாள் இருந்தது.

சுந்தர்சிங் கராஜைக் குடைந்து, போன வருஷமும் முந்தின வருஷமும் ஜனவரியில் ஆசையாக வாங்கி விரிக்காமலே போட்டிருந்த யோகா பாய்களை எடுத்துவந்தார். வரியனின் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து பின்கதவு வரை, தண்டவாளம் போல ஒட்டினார். ஜெயகுமாரி பாதங்களைச் சோப்புப் போட்டு விரலிடுக்குவரை கழுவினாள். க்ரிஷ் சொன்னபடி ஐந்து நிமிஷம் வெந்நீர்த் துண்டு, பிறகு வெறும் கை. கீழே இழுக்கக்கூடாது; பள்ளத்தைச் சுற்றியே, அழுத்தாமல், மெதுவாக. முதல் இரண்டு நாள் அவளுக்குக் கை வைக்கவே பயம். வரியன்தான் வந்து அவள் முன்னால் வலது காலைக் காட்டிப் படுத்தான்.

சனிக்கிழமை ஷெரில் வந்தாள். காப்பி வேண்டாம் என்றாள். படுக்கைக்கு எதிர்க் கோடியில் நின்று, "அவன் நடக்கட்டும், கூப்பிடவேண்டாம்," என்றாள்.

ஜெயகுமாரி சோபாவோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வரியன் எழுந்து, முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்தான். நீலப் பாயில் நாலடி, ஊதாப் பாயில் நாலடி. ஒவ்வோர் அடியிலும் வலது கால் பாதித் தூரம் வந்ததும் சட்டென்று சுண்டி முன்கூட்டியே ஊன்றியது. அது தழும்பின் நடை. அது சாகும்வரை இருக்கும். ஆனால் கால் இழுபடவில்லை. சறுக்கவில்லை.

ஷெரிலைத் தாண்டிக் கிண்ணத்துக்குப் போகவேண்டியவன் போகவில்லை. ஜெயகுமாரியிடம் வந்து, பெருமூச்சு விட்டுச் சரிந்து, வலது தொடையை அவள் மடிப்பக்கம் திருப்பிப் போட்டான். அவள் நிமிர்ந்து ஷெரிலைப் பார்த்தாள். தொடலாமா என்று கேட்பதுபோல.

"இந்த வேலையை நான் பதினோரு வருஷமாகச் செய்கிறேன்," என்றாள் ஷெரில். "வலிக்கிற காலை நாய் யாரிடமும் இப்படி நீட்டாது." பையிலிருந்து தத்தெடுப்புப் படிவத்தை எடுத்துச் சுந்தர்சிங்கிடம் கொடுத்தாள். "கையெழுத்து நீங்கள் போடுங்கள். அவர் கைக்கு இப்போது வேலை இருக்கிறது."

ஜெயகுமாரி உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி அந்தப் பள்ளத்தின் மேல் வைத்தாள்.

"கிடந்துக்கோ மக்களே," என்றாள்.