நனைந்த சரக்குக்குக் கழிவு உண்டு

1

இது நடந்தது நாற்பத்தாறிலா, நாற்பத்தேழிலா என்று எனக்கு நிச்சயமில்லை. எங்கள் வெள்ளைக்காரத் துரை இன்னும் சீமைக்குப் போகவில்லை. அதனால் நாற்பத்தாறு என்றே வைத்துக்கொள்கிறேன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் நான் தட்டச்சராக இருந்தேன். இந்தக் கதையின் முதல் வரி என்னுடையதல்ல. துரை சொல்லச் சொல்ல நான் அடித்த உத்தரவு: பருத்த குமாஸ்தாக்கள் தை மாதத்துக்குள் இளைக்க வேண்டும்.

2

வேறு மாதிரி தொடங்கிப் பார்க்கிறேன். அன்று கடல் வெள்ளித் தகடு போல

(வேண்டாம். கடலை யார் பார்த்தார்கள்? எல்லாரும் பருத்த குமாஸ்தா வளனின் வயிற்றைத்தான் பார்த்தார்கள்.)

கரையோரம் ஆழமில்லை, கப்பல்கள் தூரத்திலேயே நிற்கும். சரக்கு தோணியில் போகும். அதை எண்ணும் குமாஸ்தா வளனும் கூடவே போய் நூலேணியில் கப்பலேறுவார். ஒரு நாள் ஏணிப்படி முறிந்து, தோணியிலிருந்த உப்பு மூட்டைகள் மேல் விழுந்தார். அவருக்கு ஒன்றுமில்லை. மூட்டைதான் கிழிந்தது.

அதனால்தான் துரையின் இந்தத் திட்டம். காலையில் படகுத்துறையில் ஓட்டம், சனிக்கிழமை எடை. இளைக்காதவர் கப்பலுக்குப் போகக் கூடாது, கரை அலுவலகத்தில் உட்கார வேண்டும். அங்கே காலியாக இருந்த ஒரே நாற்காலி தலைமைக் குமாஸ்தா மனுவேலுக்கு நேர் எதிரே. மனுவேல், வளனின் மாமனார்.

(கொடுமைக்காரர் அல்ல. பேச மாட்டார், அவ்வளவுதான். மௌனம் எனக்குப் பிடிக்கும். மாமனாரின் மௌனம் வேறு வகை.)

“அந்த நாக்காலிக்கு, நான் கடல்லயே கெடந்துக்கிடுதேன்” என்றார் வளன்.

3

ஆளை நிறுக்கக் கம்பெனியில் தராசு இல்லை. கிடங்கில் பஞ்சுப் பொதி நிறுக்கும் தராசில்தான் ஏற்றினார்கள். நிறுத்தவர் ஞானையா. ஈரமான பொதி வந்தால் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்தே எடை சொல்வது அவர் தொழில் வழக்கம். ஓடிவிட்டு வியர்வையில் தொப்பலாக வந்த வளனுக்கும் அதே பழக்கத்தில் கழித்தார்.

வளன் அதைக் கவனித்தார். அடுத்த சனிக்கிழமை, வரும் வழியில் கடலில் ஒரு முங்கு போட்டு வந்தார். அதற்கடுத்த வாரம் வேட்டியைப் பிழியவில்லை.

இன்னொரு பருத்த குமாஸ்தா இப்ராஹீம். இராச்சோற்றை விட்டு நிஜமாகவே கொஞ்சம் இளைத்தவர். ஆனால் சுத்தக்காரர். துவட்டி, சட்டை மாற்றித்தான் தராசில் ஏறுவார்.

(இவரை அதிகம் நல்லவராக்குகிறேனோ? மதியம் அடுத்தவர் தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்கிறவர். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

“அண்ணாச்சி, அவருக்குக் கழிச்ச மாதிரி எனக்கும் கழியும்.”

“நீரு காஞ்ச சரக்குல்லா” என்றார் ஞானையா.

4

தையில் வளன் தேறினார், இப்ராஹீம் தேறவில்லை.

மறுநாள் வளன் தோணியில் நின்று புது நூலேணியை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஞானையாவின் வழக்கம் கயிற்றுக்குத் தெரியாது.

முடிவு அ: கயிறு தாங்கியது. முடிவு ஆ: தாங்க

இரண்டையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். முடிவை உங்களிடமே விடலாம்தான். நீங்கள் அவரைக் கடலில் விழவைப்பீர்கள், எனக்குத் தெரியும்.

வளன் மேலே பார்த்து, “ஏலே, சரக்கு வலைய எறக்குங்கலே” என்றார். மூட்டை தூக்க இறங்கிய வலையில், உப்பு மூட்டைகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, மெல்ல மேலே போனார்.

5

ஓய்வு பெறும்வரை வளன் வலையில்தான் கப்பலேறினார். அந்த நாற்காலி இப்ராஹீமுக்குப் போனது. மனுவேல் அவரிடம் நாள் முழுக்கப் பேசினார், பெரும்பாலும் மருமகனைப் பற்றி. துரை சீமைக்குப் போனார். ஞானையா கடைசிவரை காய்ந்த சரக்குக்குக் கழிக்கவில்லை. நான் பருத்துவிட்டேன்.