ரேடியோவுக்குத் தொண்டை கட்டியது

நான்காம் ஆண்டு மருத்துவ வகுப்பில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வாய்மொழித் தேர்வில்கூட ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வரட்டும் என்று நிற்பாள். ஹாஸ்டலில் அவளுடைய அறைத் தோழிக்கோ ரேடியோ என்று பெயர். பல் தேய்க்கும்போதும் பேச்சை நிறுத்தாதவள்.

இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கிப் போகிறவர்கள் அதை ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பது விஷயம். வீடு வீடாகப் போய் ரேடியோ பேச்சுக் கொடுப்பாள், கோட்டான் எழுதிக்கொள்வாள். வெளிநாட்டில் நடக்கும் உலகச் சுகாதார மாநாட்டுக்கு அது தேர்வானபோது, மேடையில் யார் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை.

மாநாட்டு மண்டபத்தில் கால் வைத்ததிலிருந்து ரேடியோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒருவரையும் அவள் விட்டுவைக்கவில்லை. காபி மேசை, லிஃப்ட், கழிப்பறை வரிசை, எங்கே பார்த்தாலும் அவள் குரல்தான். நடுங்கவைக்கும் ஏசியில் ஐஸ்கிரீம் வேறு. மறுநாள் காலை படுக்கையில் எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"விளையாடாதடி," என்றாள் கோட்டான்.

ரேடியோ தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கண்ணை உருட்டினாள். விளையாட்டு இல்லை.

காலைச் சாப்பாட்டில் பல நாட்டு மாணவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை பேரும் வருங்கால டாக்டர்கள். வலிய வந்து மாட்டிய நோயாளியை விடுவார்களா? ஒருவன் செல்போன் வெளிச்சத்தில் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தான். ஒருத்தி கழுத்தைத் தடவி, நெறி கட்டவில்லை என்றாள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்பதில் மட்டும் எல்லா நாடுகளும் ஒத்துப்போயின.

கோட்டான் கையெடுத்துக் கும்பிட்டாள். "என்னால முடியாது. நாங்க பேசலைன்னு சொல்லிடலாம்."

எதிர்த்துப் பேசக் குரல் இல்லாத ரேடியோ, அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போய் மேடையேற்றிவிட்டாள்.

திரையில் முதல் படம் விழுந்தது. கோட்டான் தலைப்பை வாசித்தாள். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் தலைப்பையே வாசித்தாள். பக்கத்தில் நின்ற ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து பஸ் ஓட்டத் தொடங்கினாள். ஓட்டிக்கொண்டே முழங்கால்களை ஒட்டிவைத்து நெளிந்தாள். அரங்கம் கொல்லென்று சிரித்தது. கோட்டானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதன் பின்னாலேயே பேச்சும் வந்தது.

"இவர் ஒரு பஸ் டிரைவர்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "இந்த மாத்திரை போட்டா அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும். பஸ்ஸ நிறுத்த முடியாது. அதனால மாத்திரைய நிறுத்திட்டார்."

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரே மாத்திரை அட்டையைப் பங்கு போட்டுக்கொண்ட தம்பதியைப் பற்றிச் சொன்னாள். கணவன், மனைவி இரண்டு பேராகவும் ரேடியோவே நடித்தாள்.

கேள்வி நேரத்தில் நரைத்த தலை டாக்டரம்மா ஒருவர் மைக்கை வாங்கினார். "அந்த டிரைவர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

ரேடியோ சட்டென்று காற்றில் மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்து, கட்டைவிரலை உயர்த்தினாள். எல்லாம் சரிசெய்துவிட்டோம் என்று அர்த்தம். கோட்டான் தலையை ஆட்டினால் போதும், கீழே இறங்கிவிடலாம்.

"இல்ல," என்றாள் கோட்டான். "ஒண்ணும் சொல்லல. எழுதிக்கிட்டு, தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டோம். சொல்லணும்னே தோணல."

சிறந்த ஆய்வுக்கான பரிசு வேறு யாருக்கோ போனது.

அறைக்குத் திரும்பியதும் ரேடியோ செல்போனில் தட்டி நீட்டினாள்: 'மானத்த வாங்கிட்டியே.'

"நீ மேடையில நெளிஞ்சப்ப போகாத மானமா?"

ரேடியோ முறைத்துப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்து மறுபடியும் தட்டினாள்: 'போனதும் முதல்ல அவரப் பார்க்கணும்.'

ஊர் திரும்பி பஸ் டெப்போவுக்குள் நுழைந்தபோது, அந்த டிரைவர் இவர்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"இன்னும் என்னம்மா கேக்கணும்?" என்றார் அங்கிருந்தே.

"கேக்க வரல அண்ணா," என்றாள் கோட்டான். "எங்ககூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. இந்த மாத்திரையால இப்படி ஆகுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லுவோம். வேற மாத்திரை இருக்கு."

"மாத்திக்கலாமா? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும் அண்ணா. தப்புதான்."

விளக்கிச் சொல்ல ரேடியோ வாயைத் திறந்தாள். பாதி திரும்பியிருந்த குரல், எண்ணெய் காணாத கதவாகக் கிறீச்சிட்டது. டிரைவர் ஓரடி பின்வாங்கினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா," என்றார் கோட்டானிடம். "நாளைக்கு எனக்கு லீவுதான், வர்றேன்."

அவள் சொன்னாள். கண்டக்டர் ஒருவர் காது கொடுத்தார். மெக்கானிக் ஒருவர் கையைத் துடைத்தபடி வந்து, தன் மாத்திரையைப் பற்றிக் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கோட்டான் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரையாக விசாரிக்க ஆரம்பித்தாள்.

"வண்டி எடுக்கிற நேரத்துல இங்க என்ன கூட்டம்?" என்று டெப்போ மேனேஜர் சத்தம் போட்டார்.

"கொஞ்சம் இருங்க சார், பேசிட்டிருக்கேன்ல," என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.